மூபென்64பிளஸ்: எந்தக் கிராபிக்ஸ் பிளகின் ஒத்துப்போகிறது?

கல்லடியில் எங்கள் வீட்டில் இருப்பது இன்டெல் எச்டி 3000 கிராபிக்ஸ் கொண்ட பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ் ஓடுகிறது. 1996இல் வெளிவந்த நின்டெண்டோ 64 என்ற விளையாட்டுக் கொன்சோலின் விளையாட்டுகளுக்கு நான் மூபென்64பிளஸ் எமுலேட்டரை, அதாவது அந்தக் கொன்சோலைப் போலக் கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். படம், ஒலி, உள்ளீடு ஒவ்வொன்றையும் அது தனித்தனிப் பிளகினிடம் (கழற்றி மாற்றக்கூடிய துணை மென்பொருளிடம்) ஒப்படைப்பதால், படம் கெட்டால் கிராபிக்ஸ் பிளகினை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

மரியோ கார்ட் 64இன் லுயீஜி ரேஸ்வே தடத்தில் ஒரு பெரிய திரை நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் பந்தயமே அதில் தெரிய வேண்டும். நான் முதலில் போட்ட பழைய பிளகினில் அது வெறுமையாகவே கிடந்தது. "பெரியப்பா, அந்த ரீவி வேலை செய்யுதில்லையே" என்றான் தம்பியின் மகன். கொன்சோல் தான் வரைந்த படத்தைத் தன் நினைவகத்திலிருந்தே மறுபடி வாசித்து அத்திரையில் ஒட்டுகிறது. பிளகின் வரைவதோ கிராபிக்ஸ் சிப்பின் பக்கத்தில் என்பதால், படத்தை அங்கிருந்து கொன்சோலின் நினைவகத்துக்கு நகலெடுத்துக் கொடுக்காவிட்டால் ஒட்டுவதற்கு ஒன்றும் இராது. கிளைட்என்64 பிளகினில் இந்த நகலெடுப்புக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கியதும் திரைக்குள் எங்கள் வண்டியே ஓடியதைக் கண்டு இருவரும் மகிழ்ந்துபோனோம்.

கிளைட்என்64க்கு ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தின் 3.3 பதிப்பு வேண்டும், என் மடிக்கணினியின் சிப்புக்கு லினக்ஸின் கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசா தருவதும் சரியாக அவ்வளவுதான்.

ஆங்ரிலயன் என்ற இன்னொரு கிராபிக்ஸ் பிளகின் கொன்சோலின் வன்பொருள் செய்யும் வேலையை சிபியூவிலேயே கணக்கிட்டு மிகத் துல்லியமாக வரைகிறது. ஆயினும் என் கணினி அதில் திணறியது. ஆர்எஸ்பி (கொன்சோலின் துணைச் செயலி) பிளகினையும் அதற்கேற்றதாக மாற்றவேண்டியிருந்தது. புதிய, வலுவான சிபியூ உள்ளவர்கள் அதை நிச்சயம் போட்டுப் பார்க்கலாம். என் கணினியில் கிளைட்என்64 நிலைத்துவிட்டது.