சோல்ஜர் மீனுக்கு எந்த விளக்கு: நீலமா, சிவப்பா, வெள்ளையா?

மூன்று மாதமாக என் கடல் மீன் தொட்டியில் இரண்டு சோல்ஜர் மீன்கள், பெரிய கண் வைத்த சிவப்பு மீன்கள், இருந்தன, வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. "அண்ணே, தண்ணிதான் வளக்கிறீங்களா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மீன்மேல் தப்பில்லை. பகலெல்லாம் பவளப்பாறைக் குகையில் கிடந்துவிட்டு இருட்டியதும் இரை தேடக் கிளம்பும் மீன் அது. நான்தான் தலைக்கு மேலே பட்டப்பகலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

மெட்டல் ஹாலைடு என்ற பளீர் விளக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அது பவளம் வளர்ப்பவர்களுக்கு. 150 வாட் கக்கும் சூட்டை, மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஏற்கெனவே 30 டிகிரியைத் தொடும் தண்ணீர் தாங்காது, அப்புறம் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்கும் தனியாகக் காசு அழ வேண்டும்.

டி5 என்ற ஒல்லியான டியூப்லைட் குழல் பரவாயில்லை, வெளிச்சம் சீராக விழும். ஆனால் சாதாரண செட்டுகளில் மங்க வைக்கும் வசதி கிடையாது, சுவிட்சைப் போட்டதும் பளீரென்று எரியும், மீன் அரண்டு கண்ணாடியில் போய் முட்டும். ஒரே ஒரு குழல் மட்டும் போடுங்கள். பவளம் வளர்ப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் குறைந்துவிட்டது என்று கழற்றிப் போடும் பழைய குழல் கிடைத்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு ஆகாத மங்கல்தான் நமக்கு வேண்டியது.

நிறைய பேர் ஏமாறுவது நீல 'மூன்லைட்' எல்இடியில். நானும் ஏமாந்தேன். நம் கண்ணுக்கு நிலா வெளிச்சம் மாதிரி இதமாகத்தான் தெரியும், ஆனால் சோல்ஜர் மீனின் அந்தப் பெரிய கண் நீலப்பச்சை ஒளியைத்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆழத்தில் மிச்சமிருக்கும் ஒளி அதுதானே. நாம் இரவு என்று நினைத்துப் போடுவது அதற்கு டியூப்லைட். போதாக்குறைக்கு, சிவப்பு மீன் நீல ஒளியில் கறுத்துப்போய்த் தெரியும், அதற்கா இவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம்?

சிவப்பு இதற்கு நேர்மாறு. கடலில் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு ஒளி கரைந்துவிடுவதால் இந்த மீனின் கண் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாமே என்று, அப்பா ரப்பர் பால்மரம் வெட்டப் போகையில் நெற்றியில் கட்டிய விளக்கை எடுத்து, தீபாவளிப் பரிசுக் கூடையான ஹேம்பரைச் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டேன். ராத்திரி பத்து மணி இருக்கும். பாறை இடுக்கிலிருந்து முதலில் ஒரு கண், அப்புறம் முழு மீன், தணல் மாதிரி. இரண்டும் என் முகத்துக்கு நேராக நின்று இறால் தின்றன. குறை என்றால், தொட்டியில் மற்ற எல்லாம் போட்டோ கழுவும் அறை மாதிரி தெரியும், பவளமும் வளராது. பவளம் வேண்டுமானால் வெளிச்சமே தேவைப்படாத சன் கோரல் வைக்கலாம், ஆனால் அதற்குக் கையால் ஊட்ட வேண்டும், சோம்பேறிகளுக்கு ஆகாது.

என் ஓட்டு, மங்க வைக்கக்கூடிய வெள்ளை எல்இடிக்கு. நான் 15 சதவிகிதத்தில், தொட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன், மறுபக்கம் பாறை நிழல். மதியம் இரண்டு மணிக்கு மெல்ல ஏறி இரவு ஒன்பதுக்கு மெல்ல இறங்கும், அதன்பின் சிவப்பு எல்இடிப் பட்டை. இப்போது சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் குகை வாசலில் நிற்கின்றன. பாசியும் குறைந்திருக்கிறது.

சிவப்புப் பட்டை மலிவுதான், ஆனால் சிலிக்கான் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். என் முதல் பட்டை திறந்த வகை, இரண்டே மாதத்தில் உப்புப் பூத்து, ஒயர் முனை பச்சையாகிச் செத்தது.