ஜாதகம் சரி, பெயர்தான் இடிக்கிறது: கும்பகோணத்துப் பெயர் நிலையம் ஒன்றைப் பற்றி

‘உலகில் யாருக்கும் இல்லாத பெயர் உங்கள் குழந்தைக்கு’ என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தைக்குப் பெயர் வாங்க, தங்கை கணவரான மாப்பிள்ளையோடு போயிருந்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஜாதகமும் பெயர்ப் பட்டியலும் சேர்த்து 2,000 ரூபாய்; ‘எண்கணிதத் திருத்தம்’ தனியாக 750.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாக்கியமா, திருக்கணிதமா என்று கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரையே தொட்டார்கள். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் முடிகிற நேரம் வித்தியாசப்படும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் சந்தியில் பிறந்த பிள்ளைக்கு நட்சத்திரமே மாறிப்போகும். கார்த்திகையா ரோகிணியா என்று எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த வழக்கு அங்கே தீர்ந்தது. ரோகிணிதான். அதற்குப் பெயர் தொடங்க வேண்டிய எழுத்து ஓ, வ, வி, வு. ஜாதக நோட்டையும் கெட்டி அட்டை போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இதுவரை காசுக்குப் பழுதில்லை.

அப்புறம் பட்டியல் வந்தது. விஹான்யா, வியான்ஷிகா, விஹர்ஷிகா, வன்ஷிகா, விவான்ஷி... வலங்கைமான் பக்கம் நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று நாள் முழுக்க ஊரார் பெயரைத் தட்டச்சு செய்வதுதான் பிழைப்பு. யாருக்கும் இல்லாத பெயர் என்று நிலையக்காரர் நீட்டிய தாளில் பாதிப் பெயர்களைப் போன மாதம்தான் அடித்திருப்பேன். இருபது வருஷம் முன்னால் தெருவுக்கு நாலு பிரியா இருந்த மாதிரி இப்போது தெருவுக்கு நாலு ஷிகா. பட்டியலில் ஓவியா என்ற ஒரு பெயர்தான் வாயில் தடுக்காமல் வந்தது. “அது பழசு சார், நிறைய பேர் வச்சுட்டாங்க” என்று அவரே கோடு போட்டு அடித்துவிட்டார்.

எண்கணிதம்தான் வேடிக்கை. இவர்கள் முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண் உண்டு; 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. ஏ, ஐ, ஒய் எல்லாம் 1. எச்சும் என்னும் 5. வி, யு இரண்டும் 6. குழந்தை பிறந்தது 14ஆம் தேதி. ஒன்றும் நாலும் ஐந்து. பெயர்க் கூட்டும் ஐந்தில் வர வேண்டும், அதிலும் 23 வந்தால் ராஜயோகம் என்றார். விஹான்யாவை இயல்பாக எழுதினால் 20தான் வருகிறது. அதனால் நடுவில் ஓர் ஏ, அதன் பிறகு ஓர் ஒய், கடைசியில் இன்னோர் ஏ. மொத்தம் பத்தெழுத்து, கூட்டு 23. இதற்குத்தான் அந்த 750 ரூபாய். தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். “தமிழ்ல எப்படி வேணும்னாலும் எழுதிக்கலாம், அதுக்கு நம்பர் இல்ல” என்றார்.

அந்த மூன்று எழுத்து பின்னால் என்ன பாடுபடுத்தும் என்பதை என் மேசையில் தினமும் பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழில் இரண்டு ஒய், ஆதாரில் ஒரு ஒய், பள்ளிக்கூட டீச்சர் காதில் விழுந்தபடி எழுதியது மூன்றாவது விதம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் இருக்கிற எழுத்தோடு மற்றது ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல். வளர்ந்த பிறகு பெயரை மாற்ற நினைத்தால் அரசிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதற்கும் நம்மிடம்தான் வருவார்கள், எனக்கென்னவோ வரும்படிதான்.

இன்னொன்றும் அங்கே சொன்னார்கள்: 21 நாளுக்குள் பெயர் வைத்தே ஆகணும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று. இது தப்பு. 21 நாள் என்பது பிறப்பைப் பதிவதற்கு. பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். ஆள் கையில் பணம் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்கிற அவசரம் அவர்களுடையது.

நாங்கள் திருத்தத்துக்குப் பணம் கட்டவில்லை. மாப்பிள்ளை வீடு திருமருகல் பக்கம். நோட்டோடு போய் இறங்கியதும் அவருடைய அப்பாயி, “வ தானே வேணும்? நம்ம அம்பாள் பேரு என்ன, தெரியாதா?” என்று ஒரே கேள்விதான் கேட்டது. திருமருகல் மாணிக்கவண்ணர் கோயில் அம்பாள் வண்டுவார்குழலி. பாம்பு கடித்து இறந்தவனை எழுப்பித் தரச் சொல்லி ஒரு செட்டிப்பெண் அழ, சம்பந்தர் ‘சடையாய் எனுமால்’ என்று பாடிய அதே கோயில். அந்தப் பக்கத்து ஆளாக இருந்தும் மாப்பிள்ளைக்கு இது தோன்றவில்லை. தங்கை மட்டும் கொஞ்சம் இழுத்தாள், பள்ளிக்கூடத்தில் கிண்டல் பண்ணுவார்களே என்று. விஹான்யாவைப் பண்ண மாட்டார்களா என்றேன், சும்மா இருந்தாள்.

வேடிக்கைக்காக நிலையத்துக்குப் போன் போட்டு வண்டுவார்குழலிக்குக் கூட்டு என்ன என்று கேட்டோம். 56 வந்தது, அதாவது 2. ஆகாது என்றார். ஒரு நிமிஷம் கழித்து அவரே, “மூணு ஏ சேர்த்தா 59, அஞ்சுல நின்னுடும். மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க சார், 750தான்” என்றார். விடாமுயற்சிக்கு ஒரு நட்சத்திரம் தரலாம்.

ஜாதகம் மட்டும் கணிக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள், நோட்டு நன்றாக இருக்கிறது. பட்டியல் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால் 900 ரூபாய்க்குத் தருகிறார்கள். சான்றிதழில் வண்டுவார்குழலி என்று நானே அடித்துவிட்டேன், ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. வீட்டில் இப்போதைக்குக் குழலி.