அறவியல் கோட்பாடுகள் ஆன்லைன் வகுப்பு: ஐந்துக்கு மூன்றரை

எட்டு வாரம், பதிவு செய்த வீடியோக்கள், வாரம் ஒரு வினாடி வினா. ஒருவழியாக முடித்துவிட்டேன். எது சரி, எது தப்பு என்று முடிவெடுக்க யார் யார் என்ன வழி சொன்னார்கள் என்பதை ஒரே இடத்தில் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம், கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும்.

ஜெர்மன் தத்துவஞானி காண்ட் பற்றிய வாரம்தான் உச்சம். "எல்லாரும் இப்படியே செய்தால் நாடு என்ன ஆகும்" என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. 1785-இல் அவர் எழுதிய கடன் உதாரணத்தை ஆசிரியர் நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார். திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் "தந்துவிடுகிறேன்" என்று சொல்லிக் கடன் வாங்குவதை எல்லாரும் வழக்கமாக வைத்துக்கொண்டால், அந்த வார்த்தையை நம்ப ஆளே இருக்காது, அப்புறம் அந்தப் பொய்யைச் சொல்லி யாரிடம் கடன் வாங்குவது? விளைவு மோசமாக இருக்கும் என்பதல்ல அவர் வாதம், அந்த விதி தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொள்கிறது என்பதுதான். இது எனக்கு இப்போதுதான் உறைத்தது. ஆனால் அதே மனிதர் 1797-இல், கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்கிறார். "பொய்மையும் வாய்மை யிடத்த" என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது தொண்டையில் இறங்குமா?

அடுத்த மூன்று வாரமும் டிராலிதான். 1967-இல் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் கிளப்பிவிட்ட கேள்வி: கட்டுப்பாடிழந்த டிராலி வண்டி ஐந்து பேர் மீது ஏறப்போகிறது, அவர்களைக் காப்பாற்ற, ஒருவர் மட்டும் நிற்கும் தண்டவாளத்துக்கு வண்டியைத் திருப்பலாமா? திருப்பலாம் என்பவர்களே, பாலத்திலிருந்து ஒருவரைத் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தலாமா என்றால் பின்வாங்குகிறார்கள், கணக்கு அதேதான் என்றாலும். அந்த இடம் அருமை. அதற்காக மூன்று வாரமா?

இந்த இழுவையில் அடிவாங்கியது அரிஸ்டாட்டில். கோழைத்தனத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் இருப்பது வீரம் என்று ஒரு ஸ்லைடு, அவ்வளவுதான். ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், பழகிப் பழகி அந்தக் குணம் எப்படி வருகிறது என்பதெல்லாம் இருபது நிமிடத்தில் ஓடிவிட்டது. பொது விதிகளைவிட உறவையும் அக்கறையையும் முன்னிறுத்தி 1982-இல் உளவியலாளர் கரோல் கில்லிகன் முன்வைத்த அக்கறை சார்ந்த அறவியலுக்கு அதுவும் இல்லை, கடைசி வீடியோவில் பெயர் மட்டும் வருகிறது.

எரிச்சல் வந்தது வினாடி வினாவில்தான். "நண்பர் எழுதிய கவிதை படுமோசம். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பயன்வாதி என்ன செய்வார்?" பயன்வாதி என்றால், எல்லாருக்கும் சேர்த்து எதில் நன்மை அதிகமோ அதுவே சரி என்பவர். நான் "சூழலைப் பொறுத்தது" என்று போட்டேன். தவறாம். "பொய் சொல்வார்" என்பதுதான் சரியான விடையாம். சரியாப் போச்சு! பொய் சொல்லக் கூடாது என்பதற்கு விதிவிலக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட பயன்வாதி ஜான் ஸ்டூவர்ட் மில், பேச்சின் மீதுள்ள நம்பிக்கை குலைந்தால் மனிதர்களின் மொத்த நலனுக்கே கேடு என்றும் எழுதியிருக்கிறாரே. மெயில் அனுப்பினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானியங்கிப் பதில் வந்தது.

சப்டைட்டில் சுத்தமாக இருக்கிறது. காண்டை நிதானமாகப் பாருங்கள், டிராலி வாரங்களை இரட்டை வேகத்தில் ஓட்டிவிடலாம்.