பழைய அலுமினியப் படகின் ஒழுக்கும் குளூவிட் எபாக்சியும்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

ஒன்டாரியோவின் ஏரிக்கரை ஊர்களில் மலிவு விலைக்குக் கிடைக்கும் பழைய 14 அடி அலுமினியப் படகுகளில் பெரும்பாலானவை ரிவெட் (தகடுகளைச் சேர்த்து இறுக்கும் உலோக ஆணி) அடித்துக் கட்டப்பட்டவை. தகடு நன்றாகவே இருக்கும். ஆனால் கரையில் கட்டி வைத்தால் மறுநாள் காலையில் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஸ்கூகாக் ஏரியில் மீன்பிடிக்க நான் வாங்கியதும் அப்படிப்பட்ட படகுதான். அதன் ஒழுக்கை அடைக்க மரைன்-டெக்ஸ் என்ற தயாரிப்பு வரிசையில் வரும் குளூவிட் என்ற இருபாக எபாக்சியை, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பசையை, பயன்படுத்தினேன். அது தன் வேலையை மிகச் சிறப்பாகச் செய்தது. ஆனால் அதன் வேலை எது, எது இல்லை என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படகின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ரிவெட்டால் இறுக்கப்பட்டிருக்கும். இன்ஜின் அதிர்வும் அலை மோதலும் டிரெய்லரில் குலுங்கிப் போகும் பயணமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ரிவெட்டைத் தளர்த்திவிடுகின்றன. தகடுகளுக்கு இடையே தொழிற்சாலையில் வைத்த சீலன்டும் (இடைவெளி அடைக்கும் பசையும்) காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. குளூவிட் தேன் பதத்தில் இருப்பதால், பிரஷ்ஷால் உள்பக்கம் பூசும்போது ரிவெட் தலையைச் சுற்றியும் தகட்டு இணைப்புக்குள்ளும் தானாக இறங்கி இறுகுகிறது. இறுகிய பிறகும் சற்று வளையும் தன்மை இருப்பதால், அலையில் தகடு நெளியும்போது எளிதில் விரிசல் விடுவதில்லை. கடினமாக இறுகும் சாதாரண எபாக்சிப் பசைகளைவிட நான் இதை விரும்புவதற்கு முதற்காரணம் இதுவே.

ஆனால் தளர்ந்த ரிவெட்டை இது இறுக்காது. விரலால் அழுத்தினால் அசையும் ரிவெட்டின் மேல் எதைப் பூசினாலும் அடுத்த பருவத்தில் அங்கேயே மீண்டும் ஒழுகும். ஒருவர் வெளியே கனமான இரும்புத் துண்டை ரிவெட் தலையில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து சுத்தியால் அடித்து முதலில் அதை இறுக்க வேண்டும். அறுந்துபோனவற்றுக்குப் புதிய திண்ம ரிவெட் போட வேண்டும். நடுவில் துளையுள்ள சாதாரண பாப் ரிவெட்டை நீர்மட்டத்துக்குக் கீழே போடக் கூடாது. அந்தத் துளை வழியாகவே தண்ணீர் வரும். ரிவெட்டை வெல்டிங் செய்வதும் நல்ல வழியாக எனக்குத் தோன்றவில்லை: தெரிந்தவர் ஒருவரின் படகில் ஒரு பட்டறையில் அப்படிச் செய்ததில், வெப்பத்தால் தகடு நெளிந்து அக்கம்பக்கத்து ரிவெட்டுகளும் ஒழுகத் தொடங்கின.

எது ஒழுகுகிறது என்று கண்டறிய, படகை டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கீழிருந்து பார்த்து, துளி விழும் ஒவ்வோர் இடத்திலும் மெழுகுப் பென்சிலால் வட்டமிட வேண்டும். அதிகம் நிரப்பக் கூடாது; ஒரு கன அடித் தண்ணீரே ஏறத்தாழ 28 கிலோ எடை கொண்டது, அடித்தகடு அந்தச் சுமையை உள்ளிருந்து தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

இனி, விளம்பரத்தில் யாரும் அழுத்திச் சொல்லாத வேலை: சுத்தம் செய்வது. முந்தைய உரிமையாளர் என் படகின் இணைப்புகள் நெடுக சிலிக்கான் பிதுக்கி வைத்திருந்தார். சிலிக்கான் இருந்த இடத்தில் எபாக்சியும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் அதை முழுவதும் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகே குளூவிட் டப்பாவைத் திறக்க வேண்டும். இரும்புக் கம்பிப் பிரஷ்ஷையும் ஸ்டீல் வுல்லையும் தவிர்க்க வேண்டும். அவற்றின் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, பின்னர் அங்கே அரிப்பைத் தொடங்கிவைக்கும். பூசுவதற்குமுன் ஹேர் டிரையரால் தகட்டை இலேசாகச் சூடாக்கினால் பசை இளகி இணைப்புக்குள் ஆழமாக இறங்கும். கலந்த பசையைக் குவளையில் குவியலாக விட்டால் அது தானே சூடேறி வேகமாக இறுகிவிடுவதால், அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. குளிர் விலகாத ஏப்ரலில் கொட்டகையில் பூச நினைப்பவர்கள் பொறுத்திருக்கலாம். விலை மலிவு என்று சொல்ல முடியாது. அலுமினிய வெல்டிங்குக்குக் கேட்கும் கூலியோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான்.

ஒழுக்கு நின்றதும் படகை நம் விருப்பப்படி மாற்றும் ஆசை வரும். முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் தொங்கும் பின்பலகையை. உள்ளிருக்கும் மரம் உளுத்திருந்தால், முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை எபாக்சியால் ஒட்டி, ஓரங்களையும் போல்ட் துளைகளையும் சேர்த்து எபாக்சி பூசி மாற்றலாம். இதற்குக் கடையில் எளிதாகக் கிடைக்கும் பச்சை நிறப் பதப்படுத்திய மரத்தை ஒருபோதும் வாங்கக் கூடாது. 2004-க்குப் பிறகு வீட்டு உபயோகத்துக்கு வரும் அத்தகைய மரங்களில் ஆர்சனிக் கலந்த பழைய கலவைக்குப் பதிலாகச் செப்பு மிகுந்த கலவைகள் பயன்படுத்தப்படுகின்றன. ஈரத்தில் அந்தச் செப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். படகின் அடிப்பகுதிக்குப் பூசும் செப்பு கலந்த பெயின்டுக்கும் இதே காரணத்தால் இடமில்லை.

படகின் முன்பகுதியான அணியத்தில் நின்று தூண்டில் வீச மேடை கட்டுவதைப் பலர் முதல் வேலையாகச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேடை உயர்ந்தால் நிற்பவரின் எடை விழும் இடமும் உயரே போய், அகலம் குறைந்த படகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மேடைக்காக இருக்கைக்கு அடியிலுள்ள ஃபோமை அகற்றுவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் படகு நீரால் நிரம்பினாலும் அதை மிதக்கவைப்பது அந்த ஃபோம்தான். பழைய ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால், அதே அளவு புதிய ஃபோமை வைத்துவிட வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று குறிக்கும் சிறு தகடு உதிர்ந்துபோயிருந்தால், அமெரிக்கக் கடலோரக் காவல்படை கூறும் எளிய கணக்கு இருக்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 14 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகில், பின்னத்தை விட்டுவிட்டால், 4 பேர். மேடை, பேட்டரி, கூடுதல் பலகை ஆகியவற்றின் எடையை அந்த 4 பேரின் கணக்கிலிருந்தே கழிக்க வேண்டும்.

விளக்கும் மீன் காட்டும் கருவியும் பொருத்துபவர்கள், காரில் செய்வதுபோல் படகின் உடலையே மின்சாரம் திரும்பும் வழியாக்காமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிகளைப் பேட்டரி வரை தனியாக இழுக்க வேண்டும். தகட்டில் மின்சாரம் கசிந்தால், குளூவிட் எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தாலும் அதன் அடியிலுள்ள உலோகமே துளைபட்டுப் போகும்.