ஸ்டேடிக் ஐபி என்று காசு வாங்கிக்கொண்டு 100.72 கொடுக்கிறார்கள், கவனம்

வீட்டிலேயே சொந்தமாக செர்வர் வைத்திருப்பவர்களும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைப் படித்துவிட்டு ஸ்டேடிக் ஐபிக்கு, அதாவது இணையத்தில் நம் வீட்டுக்கென்று மாறாமல் இருக்கும் முகவரி எண்ணுக்கு, பணம் கட்டுங்கள். என்னிடம் ஒரு வருடத்துக்கு என்று 2,360 ரூபாய் வாங்கினார்கள். பதிலுக்குக் கொடுத்தது வெளியிலிருந்து யாராலும் தொடமுடியாத ஓர் எண். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையை வேறு ஊர்களில் வேறு பெயர்களிலும் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், அதனால் விஷயத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் இலவச எல்லையை 15 ஜிபியோடு நிறுத்தியபோதே வீட்டுப் படங்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். இப்போது ஒரு பழைய மினி பிசியில் படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சினிமாவுக்கு ஜெல்லிபின் என்ற மென்பொருள்கள் ஓடுகின்றன. அம்மா, அக்கா குடும்பம் எல்லாருடைய போன் படங்களும் இங்கேதான் வந்து சேரும். அவர்கள் வேறு ஊரில் இருப்பதால் வெளியிலிருந்து என் வீட்டுக்கு வழி வேண்டும். பழைய வீட்டில் அது சிக்கலில்லாமல் நடந்தது. புது வீட்டுப் பகுதியில் இருந்தது ஒரே ஒரு பைபர் இணைப்பு, அதுவும் உள்ளூர் கேபிள்காரர் பார்ட்னராக எடுத்து நடத்துவது.

கேட்கவேண்டியதைப் பார்ட்னரிடம் தெளிவாகவே கேட்டேன். (போர்ட் என்பது ஓர் ஐபி எண்ணில் உள்ள வாசல் மாதிரி; பூட்டிய இணையதளப் போக்குவரத்துக்கு உரியது 443.) "வெளியிலிருந்து 443 போர்ட் என் ரூட்டருக்கு வரணும், வருமா?" "ஸ்டேடிக் ஐபி போட்டுட்டா எல்லாம் வரும் சார், சிசிடிவிக்கு எத்தனை கடைக்குப் போட்டுக் கொடுத்திருக்கோம்" என்றார். நிறுவனத்தின் ஆப்பில் மாத பிளானுக்குத்தான் பணம் கட்ட இடம் உண்டு. ஸ்டேடிக் ஐபிக்கு இடமே இல்லை. அதைப் பார்ட்னரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்வதுதான் அங்கே வழக்கமாம். 2,000 ரூபாயும் 18% ஜிஎஸ்டியும். ரசீதாக வந்தது கடை முத்திரை குத்திய ஒரு துண்டுச்சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது.

லைன்மேன் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனதும் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தேன். வான் ஐபி, அதாவது நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்திருக்கும் எண், என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் எண். இந்தத் துறையைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு அதைப் பார்த்ததுமே வயிறு எரியும். 100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ள சுமார் 42 லட்சம் எண்களும், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் அடைத்து வைப்பதற்காக 2012-இல் இணைய நிறுவனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. சிஜி-நாட் என்று சொல்வது இப்படி அடைத்து வைப்பதைத்தான். உலக இணையத்தில் இந்த எண்ணுக்கு முகவரியே கிடையாது. வெளியிலிருந்து வரும் கோரிக்கை நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து வருவதை உள்ளே செர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் பார்வர்டிங்கை வீட்டு ரூட்டரில் எத்தனை விதமாகப் போட்டாலும் பயனில்லை.

பார்ட்னரை அழைத்தேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார், அதே நம்பர்தான் வரும். மாறவே மாறாது. அதுதானே ஸ்டேடிக்?" என்றார். உண்மைதான், மாறவில்லை! மாறாத உள் எண்ணை எடுத்து ஒதுக்கிவிட்டு அதற்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். கதவு எண் மட்டும் இருந்து தெருவே இல்லாத வீட்டைப் பதிவுசெய்து கொடுத்த கதை.

நியாயமாகச் சொன்னால், சிஜி-நாட் போடுவதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஐபிவி4 என்ற இந்தப் பழைய வகை ஐபி எண்கள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கு ஐபி எண்களைப் பங்கிடும் அபினிக் அமைப்பின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்து, கடைசித் தொகுப்பிலிருந்து அளந்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. சின்ன நிறுவனங்கள் வீட்டுக்கு ஒரு பொது எண் தர முடியாது. அதைச் சொல்லியிருந்தால் நானும் வேறு வழி பார்த்திருப்பேன். கொடுக்க முடியாததை விற்றதுதான் என் புகார்.

நீங்கள் பணம் கொடுக்கும் முன், லைன்மேன் வீட்டில் இருக்கும்போதே இதைச் சோதித்துவிடுங்கள். ரூட்டரின் வான் ஐபியைப் பாருங்கள். பிறகு 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தை அதே இணைப்பில் திறங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பொது எண். வான் ஐபி '10.' என்றோ (புள்ளியோடு), 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம். எண் சரியாக இருந்தாலும் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு, போனில் வைபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து தொட்டுப்பாருங்கள். சில இடங்களில் பொது எண்ணைக் கொடுத்துவிட்டு, இணையதளங்களுக்குரிய 80, 443 போர்ட்கள் இரண்டையும் மூடி வைத்திருப்பார்கள். (நம் கருவிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டிருப்பவர்கள் குழம்பவேண்டாம். அதுவும் இதே 100.64 வரம்பிலிருந்துதான் எண் கொடுக்கும், அது வேறு கணக்கு.)

இதைவிட எனக்கு உறைத்தது வாடிக்கையாளர் சேவை அழைப்பு. எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்ல டிவி கனெக்ட் ஆகியிருக்கு, 'அம்மா டேப்'னு ஒண்ணு இருக்கு, வைபை பாஸ்வேர்டுகூட எனக்கு இங்க தெரியுது, வேணும்னா மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு அது உதவி. எனக்கு முதுகு சில்லிட்டது. படங்களைக் கூகுளிடமிருந்து எடுத்து வந்தவனின் வீட்டுக்குள் என்னென்ன கருவி இருக்கிறது என்பது யாரோ ஒருவரின் திரையில் பட்டியலாக நிற்கிறது.

இது சட்டவிரோத ஒட்டுக்கேட்பு ஒன்றுமில்லை. டிஆர்-069 என்று 2004-இலிருந்து புழக்கத்தில் உள்ள முறை. நிறுவனம் தன் ரூட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க அது உதவுகிறது. ஆனால் அந்தக் கதவு நமக்குத் தெரியாமலே திறந்திருக்கிறது. நமக்குக் கொடுக்கும் லாகின் வழியாக அதை மூடவும் முடியாது. இது வெறும் பயமும் அல்ல: 2016 நவம்பரில் ரூட்டர் போன்ற கருவிகளைக் கைப்பற்றும் மிராய் வகைத் தீய நிரல் ஒன்று இதற்குரிய 7547 போர்ட்டைக் குறிவைத்தபோது, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடுமாறியது.

அவர்கள் ரூட்டர் இணைப்பை அப்படியே கடத்திவிட மட்டும் செய்யும் பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொன்னேன், ஓபன்டபிள்யுஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரூட்டரை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். "கம்பெனி ரூல் இல்ல சார்." சரி என்று அவர்கள் ரூட்டருக்குப் பின்னால் என் ரூட்டரை வைத்து, அவர்களுடைய வைபையை அணைத்துவிட்டேன். ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொன்று எண்ணை மாற்றும் இரட்டை நாட் என்று சுத்தவாதிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இப்போது அவர்கள் திரையில் தெரிவது என் ரூட்டர் என்ற ஒரே கருவி.

பணத்தைத் திரும்பப் பெற்ற கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள், வாட்ஸாப்பில் பார்ட்னரிடம் புலம்பியது கணக்கில் வராது. அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். நிறுவனம் முதலில் "அப்படி ஒரு கட்டணமே எங்கள் கணக்கில் இல்லை" என்றது. யுபிஐ பதிவு, துண்டுச்சீட்டு, வான் ஐபி பக்கத்தின் படம், "எல்லாம் வரும் சார்" என்ற வாட்ஸாப் ஆடியோ நான்கையும் வைத்தேன். பார்ட்னர் இதற்கிடையில் "டெலிகாம் கேஸெல்லாம் கன்சியூமர் கோர்ட்ல எடுக்கமாட்டாங்க சார்" என்று சட்டம் பேசினார். ஒரு காலத்தில் அப்படிச் சொல்ல இடமிருந்தது, ஆனால் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இதை எழுதி அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தபிறகு 2,000 ரூபாய் வந்தது. மீதி 360? "அது ஜிஎஸ்டி சார், கவர்மெண்டுக்குப் போயிடுச்சு." எந்தப் பில்லில் போனதோ!

செர்வர் இப்போது மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்த, பொது எண் உள்ள விபிஎஸ் (இணையத்திலுள்ள மெய்நிகர் செர்வர்) ஒன்றின் வழியாக வெளியே தெரிகிறது. வீட்டு மினி பிசி வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் அதை அழைத்துக்கொண்டே இருக்கும், 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் போனால் சிஜி-நாட் வழியை மூடாது. 443-இல் வருவதைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடுவதால் அந்தப் பூட்டைத் திறக்கும் சான்றிதழும் சாவியும் வீட்டிலேயே இருக்கின்றன, விபிஎஸ்காரர் பார்ப்பது பூட்டிய போக்குவரத்தைத்தான். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் செர்வர்கள் வழியாக வீட்டுக்கு வழி போடும் கிளவுட்ஃப்ளேர் டனல் இதைவிட எளிது, இலவசமும்கூட. ஆனால் பூட்டு அவர்கள் செர்வரில் திறக்கப்பட்டு மறுபடி போடப்படுகிறது, இலவசத் திட்டத்தில் 100 எம்பிக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றவும் முடியாது. அக்கா அனுப்பும் கல்யாண வீடியோ ஒன்றுகூட ஏறாது. இந்தியாவிலுள்ள விபிஎஸ் எடுத்தால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி உங்கள் விவரம் 5 ஆண்டு அவர்களிடம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் தெரிந்தேதான் எடுத்தேன். என் பெயரை மறைப்பது என் நோக்கமில்லை, படங்கள் என் வீட்டில் இருந்தால் போதும்.

எங்கள் பகுதியில் புதிதாக இணைப்புக் கேட்பவர்களிடம் ஸ்டேடிக் ஐபி விற்பனை இன்னும் நடக்கிறது, கட்டணத்தை 2,500 ஆக்கிவிட்டார்களாம். உங்களிடமும் பணம் கேட்டால், "பொது ஐபிவி4, வெளியிலிருந்து 80, 443 திறந்திருக்கும்" என்று நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். கடை முத்திரைச் சீட்டில் வேண்டாம்.