இரண்டு ஏஏ செல்லில் 3000 லூமனாம்! இந்த எல்இடி கிட்டை வாங்கிவிடாதீர்கள்

பழைய பாக்கெட் டார்ச்சில் இருக்கும் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டிக்கொள்ள ஆன்லைனில் ஒரு கிட் விற்கிறார்கள். "3000 லூமன், 10 வாட், இரண்டு ஏஏ செல்லே போதும், சால்டரிங் வேண்டாம்" என்று விளம்பரம். லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அதை வாங்கினேன். சொன்ன வெளிச்சம் வரவில்லை, கடைசியில் பல்புக்குப் பதில் மாட்டும் அந்த எல்இடி மாட்யூலும் புகைந்துபோனது, பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. விற்றவர் பெயரை எழுதிப் பயனில்லை. ஒரே சரக்கு பத்துப் பெயரில் சுற்றுகிறது. அதனால் எதை வைத்து அடையாளம் காண்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் டார்ச் சாதாரணமானது. அலுமினிய உடம்பு, இரண்டு ஏஏ செல், கழுத்தில் தகட்டு விளிம்பு வைத்த பிஆர்2 பல்பு. அந்தப் பல்பு 2.38 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். கிட்டத்தட்ட 1.2 வாட். அதற்குக் கிடைப்பது பத்து லூமன் சொச்சம் மஞ்சள் வெளிச்சம். அதே 1.2 வாட்டை ஒரு நல்ல வெள்ளை எல்இடிக்குக் கொடுத்தால் சுமார் நூறு லூமன் வரும். பத்து மடங்கு! உண்மையைச் சொல்லியே விற்கலாம், வாங்கவும் ஆள் இருக்கும். அப்படியிருக்க எதற்கு இந்த 3000 என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்த எண் நடக்கிற காரியமே இல்லை. கடைகளில் கிடைக்கும் நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாக 150 என்றே போட்டாலும் 3000 லூமனுக்கு 20 வாட் வேண்டும். இரண்டு ஏஏ செல் சேர்ந்தால் 3 வோல்ட். 20 வாட் எடுக்க ஏழு ஆம்பியர் பக்கம் இழுக்க வேண்டும். அல்கலைன் செல்லில் அவ்வளவு இழுத்தால் உள்தடையிலேயே வோல்ட்டேஜ் படுத்துவிடும். அவர்களே போட்டிருக்கும் 10 வாட்டும் 3000 லூமனும்கூட ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வாட்டுக்கு 300 லூமன் தரும் வெள்ளை எல்இடியை டார்ச்சில் போட்டு யாரும் விற்பதில்லை. விளம்பரத்திலேயே பொய் அச்சடித்திருக்கிறது.

சரி, கையில் வந்த பொருளுக்கு வருவோம். பல்பின் அடிப்பாகம் போலவே செய்த பித்தளை மூடி, அதன் தலையில் சின்ன அலுமினியத் தட்டு, தட்டின் மேல் எல்இடி. மாட்டியதும் எரிந்தது, நீலம் தட்டிய வெள்ளையில். சுவரில் அடித்துப் பார்த்தால் நடுவில் இருட்டு ஓட்டை, சுற்றி ஒரு வளையம். இது தற்செயல் இல்லை. பழைய ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்தைக் குவிமையமாக வைத்துச் செய்தது. இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும்; எல்இடி முன்பக்கம் மட்டும்தான் வீசும். எல்இடியின் முகம் அந்தக் குவிமையத்தில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வளையம்தான். இந்த மாட்யூலில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. தலையைத் திருகி ஃபோகஸ் செய்யும் டார்ச் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். என்னுடையதில் அந்த வசதி இல்லை.

பின்மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பார்த்தேன். புது செல்லோடு 0.4 ஆம்பியர் சொச்சம். அதாவது சுமார் 1.1 வாட். பழைய பல்பு தின்ற அளவுகூட இல்லை! அப்புறம் கூரையில் அடித்து, எத்தனை லூமன் என்று நம்பகமாகத் தெரிந்த இன்னொரு டார்ச்சோடு போனின் வெளிச்சமானி செயலியில் ஒப்பிட்டேன். துல்லியமான அளவீடு இல்லைதான், ஆனால் எழுபதா மூவாயிரமா என்று தெரிந்துகொள்ள இது போதும். எழுபது பக்கம்தான் வந்தது.

இதுவரை நடந்தது சாதாரண ஏமாற்று. விற்றவருக்கு எழுதினேன், அங்கேதான் விஷயம் மோசமானது. "சார், சாதாரண செல்லுக்கு சக்தி போதாது, எங்கள் ஸ்பெஷல் லித்தியம் செல்லைப் போடுங்கள்" என்று பதில். கூடவே பேச்சை வேறொரு மெசேஜ் செயலிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் அனுப்பியவை 14500 செல்கள். ஏஏ அளவில்தான் இருக்கும், கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஒன்று 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. இரண்டு போட்டால் 8.4. "3 வோல்ட் மாட்யூல் இதைத் தாங்குமா?" என்று கேட்டேன். "தாராளமாகத் தாங்கும், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்று எழுத்தில் பதில் கொடுத்தார். போட்டதும் ஒரு கணம் கண் கூசும் வெளிச்சம், பிளாஸ்டிக் கருகிய வாசனை, அவ்வளவுதான்.

பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே இருந்தது வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் டிரைவர் என்ற மின்சுற்று. இரண்டு ஏஏ செல்லின் வோல்ட்டேஜ் கொஞ்ச நேரத்திலேயே எல்இடிக்குத் தேவையான 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால் அப்படி ஒன்று வேண்டும், அது சரிதான். ஆனால் உள்ளே வரும் வோல்ட்டேஜ் எல்இடியின் வோல்ட்டேஜைவிட அதிகமாக இருந்தால் இந்த வகை டிரைவருக்குக் கட்டுப்பாடே கிடையாது. மின்சாரம் காயில், டயோடு வழியாக நேராக எல்இடிக்குப் பாயும். பத்து வாட் என்று சொன்ன தட்டின் பின்பக்கம் வெப்பப் பசை இல்லை, டார்ச் உடம்பை எங்கும் தொடவும் இல்லை. நிஜமாகவே பத்து வாட் கொடுத்திருந்தால் அப்போதே செத்திருக்கும். வெப்பம் வெளியேற வழி இல்லாத எல்இடி ஆயுளையும் இழக்கும், வெளிச்சத்தையும் இழக்கும்.

அந்த செல்களும் பொய். மேலே 2800 மில்லியாம்ப்-ஹவர் என்று அச்சு. 14500 அளவில் நல்ல செல்லே ஆயிரம் பக்கம்தான் இருக்கும். சார்ஜரில் கொள்ளளவு பார்த்தால் நானூறுகூட எட்டவில்லை. "பாதுகாப்புச் சுற்று உள்ளது" என்று போட்டிருந்தது. அந்தச் சுற்று இருந்தால் செல் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், இது சரியாக 50 மில்லிமீட்டர். உள்ளே எதுவும் இல்லை. தொடராகப் போட்டு ஒன்று முன்பே தீர்ந்துபோனால் தலைகீழாக சார்ஜ் ஏறும், லித்தியம் செல்லில் இது தீப்பிடிக்கிற விவகாரம். வெளிச்சத்தில் ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம், இதை விட முடியாது.

புகார் செய்தபோது விற்றவரின் வாதம்: "அளவுக்கு மீறிய வோல்ட்டேஜ் கொடுத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது." அவரே சொல்லிக் கொடுத்த வோல்ட்டேஜ்! ஆனால் அந்தப் பேச்சு வெளிச் செயலியில் நடந்ததால், தளத்தின் புகார் பிரிவு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில்தான். கடைசியில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு தருவதாகப் பேரம். மறுத்தேன். மாட்யூலுக்கு மட்டும் ஒரு சிறு தொகை வந்தது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் விற்பவரிடம், அந்தத் தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே, எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை, எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். ஒழுங்கானவர் இதைப் பக்கத்திலேயே எழுதியிருப்பார். லூமனுக்கு 2009-இல் வந்த, டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தர நிர்ணயப்படி எடுத்த அளவீட்டைக் காட்டுவாரா என்றும் கேட்கலாம். அதில் சுவிட்ச் போட்டு 30 விநாடிக்குப் பின், 2 நிமிடத்துக்குள் அளந்த வெளிச்சத்தைத்தான் சொல்ல வேண்டும், முதல் மின்னலை அல்ல. பிளஸ் மைனஸ் திசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். இழை பல்புக்கு எப்படி மாட்டினாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படி இல்லை.

அந்த இரண்டு செல்களின் முனைகளில் டேப் ஒட்டி பேட்டரி சேகரிப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன். விற்பனைப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. அதே படம், அதே பித்தளை மூடி, லூமன் மட்டும் 5000 ஆகியிருக்கிறது.