மரண சாசனம் முதல் புரோபேட் வரை: மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தின் சேவை எப்படி?

மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணி அலுவலகம் குடும்பங்களுக்கும் கடை முதலாளிமாருக்கும் மரண சாசனம் (உயில்) எழுதுகிறது, பிறகு அதை நீதிமன்றம் ஏற்று புரோபேட் என்ற கட்டளையைத் தரும் மரணசாசன வழக்கையும் நடத்துகிறது. பெயர் இங்கே வேண்டாம். கல்முனையிலோ அம்பாறையிலோ இதே வேலைக்கு நொத்தாரிஸ் (உறுதியும் சாசனமும் எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) தேடுபவர்களும் கீழுள்ளவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த அலுவலகத்தில் நல்லது முதல் சந்திப்புத்தான். காணி உறுதிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்லி, எந்தக் காணி எந்த வகை என்று பிரித்த பிறகே எழுதத் தொடங்குகிறார்கள். தனியார் உறுதிக் காணியை விரும்பியவருக்கு எழுதலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியும் அளிப்புக் காணியும் அப்படியல்ல. கல்லோயாக் குடியேற்ற வயல்கள் பலவும் இந்த வகை. இவற்றுக்குப் பின்னுரித்தாளியை, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவரை, நியமித்து, உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதிந்துவிட வேண்டும். பதியாத நியமனம் செல்லாது. அப்போது சட்டம் சொல்லும் வரிசைப்படிதான் வாரிசு. முன்பு ஆண்களை முன்னே வைத்த அதன் வாரிசு அட்டவணை 2022இல் திருத்தப்பட்டது. இதைக் கேட்காமல் வயலையும் வளவையும் ஒரே பந்தியில் எழுதும் நொத்தாரிஸிடம் போகவே வேண்டாம்.

அடுத்த கேள்வி சீதனம். நம் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம், உறுதி முடிப்பதைத்தான் தள்ளிப் போடுவோம். தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வடமாகாணத் தமிழருக்குரியது, மட்டக்களப்பாருக்குப் பொருந்தாது. மட்டக்களப்பின் பழைய வழக்காறான முக்குவர் சட்டமும் இன்று நீதிமன்றத்தில் இல்லை. நம் பக்கத் தமிழர் ஒருவர் மரண சாசனம் இல்லாமல் இறந்தால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி துணைக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. வாயால் கொடுத்த வீடும் அந்தக் கணக்கில் விழும். மூத்த மகள் இருபது வருடம் குடியிருந்த வீட்டில் தம்பிக்கும் பங்கு வரும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், அவரவர் மத்ஹபின்படி (இஸ்லாமியச் சட்டப் பிரிவு).

சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதும் வழியையும் இங்கே விளக்குகிறார்கள். முத்திரைத் தீர்வை அப்போதே கட்ட வேண்டும், பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் உறுதியில் இருக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது இலேசல்ல என்பதை அழுத்திச் சொல்கிறார்கள், அது நேர்மை.

சாசனத்தை நொத்தாரிஸும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்கும்போது ஒப்பமிட வேண்டும். நொத்தாரிஸ் இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். பயன் பெறுபவரையோ அவருடைய துணையையோ சாட்சியாகப் போடக் கூடாது. எழுதியவர் பிறகு திருமணம் செய்தால் பழைய சாசனம் இரத்தாகிவிடும், மறுமணக்காரர் கவனிக்க. சாசனத்தின் சொத்து அட்டவணையில் நான்கு எல்லையும் நில அளவைப் பட இலக்கமும் ஏக்கர், றூட், பேர்ச்சஸ் அளவும் உறுதியில் உள்ளபடியே வர வேண்டும். இங்கே ஒரு குறை: பிரிக்கப்படாத பங்கை 'வடக்குப் பக்கம் மகளுக்கு' என்று எழுதக் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நில அளவையாளர் படம் இல்லாத வடக்குப் பக்கம் எங்கே முடிகிறது?

வழக்கு வேலையில் திருப்தி. மூலச் சாசனம், மரணச் சான்றிதழ், சத்தியக்கூற்று, வாரிசு விபரம், சொத்துப் பட்டியல் எல்லாம் முதல் நாளே கேட்கிறார்கள். அடையாள அட்டையில் 'ராசா', உறுதியில் 'ராஜா' என்றால் அதற்கும் சத்தியக்கூற்று எடுத்துவிடுகிறார்கள், தவணை வீணாகாது. பத்திரிகை அறிவித்தலுக்குப் பிறகு ஆட்சேபம் வந்தால் விசாரணை நீளும் என்பதையும் மறைப்பதில்லை. புரோபேட் கையில் வந்ததோடு வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நிறைவேற்றுநர் (சாசனத்தை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர்) உரியவர்களுக்கு உறுதி முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் அடுத்த விற்பனையோ வங்கிக் கடனோ சுகமாக நடக்கும். சாசனம் இல்லாமல் இறந்தவரின் குடும்பத்துக்கு, புரோபேட்டுக்குப் பதிலாக நீதிமன்றம் தரும் நிருவாகக் கடிதம். அதே ஓட்டம், இன்னும் கொஞ்சம் தாமதம்.

வியாபாரிகளுக்கு இந்த அலுவலகம் போதாது. தனியுரிமைக் கடை என்றால் முதலாளியின் கணக்கும் காசோலையும் அவரோடு நின்றுவிடும், அவர் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுத்த அற்றோணித் தத்துவமும் மரணத்தோடு செத்துவிடும். மகன் கையில் அது இருக்கிறதே என்று நம்பும் அரிசி ஆலைக்காரர் பலர். கம்பனியென்றால் பங்குகள் நிறைவேற்றுநரிடம் போகும், ஆனால் ஒரே பணிப்பாளர் இறந்தால் மறுநாள் ஒப்பமிட ஆளில்லை. மாநகர சபைக் கடையை எழுதுமுன் குத்தகை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் இவர்களாகக் கேட்பதில்லை. கேட்டால் பதில் சரியாகத்தான் வருகிறது.

கட்டணத்தை மொத்தமாக ஒரு தொகையாகச் சொல்வார்கள். நொத்தாரிஸ் கூலி, முத்திரை, பத்திரிகை அறிவித்தல், வழக்குத் தவணை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், தருகிறார்கள். சாசனத்தின் பிரதியோடு, மூலம் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பையும் கேட்டு வாங்கி நிறைவேற்றுநரிடம் கொடுத்து வையுங்கள்.